ஆணியில் தொங்கிய பங்கு

அணில் வேட்டை திறக்கிற சனிக்கிழமை லாரல் ஓடைப் பள்ளம் என்கிற மலையிடுக்கு ஊரில் யாருக்கும் வேறு வேலை ஓடாது. சுரங்கத்துக்கு ஆள் போகாது, கடை திறக்காது, இழவு விழுந்தால்கூட மத்தியானத்துக்கு மேல்தான் பெட்டி கிளம்பும். அன்றைக்குப் பார்த்து வெர்லி துப்பாக்கியைத் தொடவில்லை. கருக்கலிலேயே காப்பிக் குவளையோடு வாசல் தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தாள். கொட்டை காய்க்கிற ஹிக்கரி மரங்கள் அடர்ந்த ஹிக்கரி மேட்டில் கேட்கிற ஒவ்வொரு வெடியையும் காதில் வாங்கிக்கொண்டு, தூணில் அடித்திருந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெடி ஹோபர்ட்டுடையது. செத்துப்போன அவள் புருஷன் டென்சிலின் அண்ணன் அவன். அவனுடைய பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி இருமுகிற சத்தம் அந்தப் பள்ளத்து நாய்களுக்குக்கூட அத்துப்படி.

ஆணி என்றால் படம் மாட்டுகிற ஆணி இல்லை. தண்டவாளத்தில் அடிக்கிற முரட்டு ஆணி. மாமனார் சாகுமுன் நிலத்தை இரண்டு மகன்களுக்கும் வாயாலேயே பிரித்துக் கொடுத்தார். ஓடையோரத்து மக்காச்சோளக் கொல்லை மூத்தவன் ஹோபர்ட்டுக்கு, ஹிக்கரி மேடு இளையவன் டென்சிலுக்கு. பத்திரம் எழுதவெல்லாம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் பொறுமை கிடையாது. பதிலாக ஆளுக்கொரு ஆணியை அவரவர் வீட்டுத் தூணில் அவரே அடித்துவிட்டுப் போனார்.

பள்ளத்து வழக்கம் அது. ஒருவர் மண்ணில் இன்னொருவர் சுட்டால், சுட்டதில் ஒரு பங்கை மண்ணுக்குடையவர் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போக வேண்டும். தோலும் வாலும் தலையுமாக, முழுசாக. கதவைத் தட்ட வேண்டாம், நன்றி சொல்ல வேண்டாம். மாட்டினால் இது உன் மண் என்று ஒத்துக்கொண்டதாக அர்த்தம். செப்டம்பரில் சோளம் அறுத்த கட்டைகளுக்கு நடுவே புறா இறங்கும். டென்சில் போய்ச் சுடுவான். கொல்லைக்குடைய அண்ணனின் பங்குப் புறாக்களைக் காலோடு கால் கட்டி வெர்லியிடம் கொடுத்தனுப்புவான். அவள் ஹோபர்ட் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வருவாள். ஹோபர்ட் மேட்டில் அணில் சுட்டால் இந்த ஆணியில் இரண்டு தொங்கும். அவள் கல்யாணமாகி வந்த நாள் முதல் இது ஒரு வருஷமும் தப்பியதில்லை.

பிப்ரவரியில் டென்சில் போய்ச் சேர்ந்தான். சுரங்கத்துத் தூசி நெஞ்சை அடைத்துவிட்டது. மேட்டு உச்சியில், பெரிய ஹிக்கரி மரத்தடியில்தான் அவனைப் புதைத்தார்கள். அவன் இல்லாத முதல் வேட்டை இது.

பொழுது சாயும்போது ஹோபர்ட் அவள் வாசல் வழியாகவே இறங்கி வந்தான். அவன் வீட்டுக்கு வேறு குறுக்குப்பாதை இருக்கிறது. வேண்டுமென்றுதான் இந்தப் பக்கம் வந்தான். இடுப்பு வாரில் அணில்கள் வரிசையாக ஆடின, ஒவ்வொன்றும் கொழுத்துப்போய் மூன்று மாதப் பூனைக்குட்டி கனம். ஆணியை ஏறிட்டும் பார்க்காமல் கடந்து போனான். வெர்லி எழுந்து நின்றாள்.

"என்ன ஹோபர்ட், எதையோ மறந்துட்டுப் போறீங்க போல."

அவன் நின்றான். அந்தக் கேள்விக்காகவே காலையிலிருந்து மேட்டில் காத்திருந்தவன் மாதிரி நிதானமாகத் திரும்பினான்.

"நான் எதையும் மறக்கலியே. என் மேட்டுல நான் சுட்டதை ஊரான் வீட்டு ஆணியில எதுக்கு மாட்டணும்?"

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான். வெர்லி இருட்டும்வரை அங்கேயே நின்றாள். அழவில்லை. அவளுக்கு அழுகை சீக்கிரம் வராது, கோபம்தான் வரும்.

மறுவாரத்துக்குள் கடைவாசல் முழுக்க ஹோபர்ட் கதை பரப்பிவிட்டான். படுக்கையில் கிடந்தபோது தம்பி தன் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை குட்டி இல்லாத பொம்பளைக்கு மேடு எதற்கு, நீயே வைத்துக்கொள் அண்ணா என்று சொன்னானாம். அந்த நேரம் அறையில் வேறு யாரும் இல்லையாம். இருந்திருந்தால்தானே மறுக்க! கோடாலிக் காம்புக்கு ஹிக்கரி வெட்டுகிற ஆட்களோடு ஹோபர்ட் மேட்டைச் சுற்றிச்சுற்றி வருவதையும் நாலு பேர் பார்த்தார்கள். வெர்லியும் பார்த்தாள். எந்த மரத்தைத் தட்டித்தட்டிக் காட்டினான் என்பதையும் பார்த்தாள். டென்சில் படுத்திருந்த மரத்தடியில் அந்த ஆட்களில் ஒருவன் புகையிலைச் சாற்றைத் துப்பிவிட்டுப் போனான்.

லவெல் டாக்கெட்டிடம் போனாள். பள்ளத்திலேயே மூத்தவர் அவர், சர்ச் சபையில் முதல் வரிசைக்காரர். மாமனார் நிலம் பிரித்த அன்று பக்கத்தில் நின்றவர்களில் இப்போது அவர் ஒருவர்தான் மிச்சம். அவர் வாயில் வருவதைத்தான் பள்ளம் கேட்கும். கிழவர் தாடியை நீவிக்கொண்டார். உன் மாமனார் பிரித்ததை நான் பார்த்தேன், உன் புருஷன் சாகும்போது என்ன சொன்னான் என்பதை நான் பார்க்கவில்லை என்றார். வெர்லி சண்டைக்கு நின்றாள். அவர் கையமர்த்தினார்.

"இங்க பாரு வெர்லி, வாய் பொய் சொல்லும். ஆணி சொல்லாது. இந்த வருசம் அவன் மாட்டல, அது அவன் வீம்பு. அதனால மேடு அவனுக்குப் போயிடாது. ஆனா என்னைக்காவது நீ மேட்டுல சுட்டதை அவன் ஆணியில மாட்டினியோ, அப்புறம் எங்கிட்ட வராதே."

"என் கை அழுகினாலும் மாட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இந்தப் பேச்சு பள்ளத்தில் யாருக்குத் தெரியாமல் இருக்கும்? ஹோபர்ட்டுக்கு அன்று மாலையே தெரிந்துவிட்டது.

அக்டோபரில் இலையெல்லாம் சிவந்து நின்றபோது ஹோபர்ட்டின் பெண்டாட்டி ஓமா படியேறி வந்தாள். டென்சிலைப் புதைத்த நாளுக்குப் பிறகு இப்போதுதான் வருகிறாள். ஒல்லிப்பிச்சான் பெண். புருஷன் பேரைச் சொன்னால் வாய் வெந்துவிடும் என்பதுபோல எப்போதும் 'அவர்', 'அவர்' என்றுதான் பேசுவாள். அவர் ஓடைக் கல்லில் வழுக்கி விழுந்துவிட்டார், கணுக்கால் பூசணியாய் வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது, தண்ணீர்கூட இறங்கவில்லை, அணில்சாறு ஒன்றுதான் கேட்கிறார், பையன்கள் ஒஹையோவில் மோட்டார் தொழிற்சாலையில் கிடக்கிறார்கள், சுட்டுத்தர வீட்டில் ஆள் இல்லை என்று ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

"அதுக்கு எங்கிட்ட வந்தீங்களாக்கும்" என்றாள் வெர்லி.

"காய்ச்சக்காரருக்கு சாறு இல்லேன்னு சொல்ற பொம்பளை இந்தப் பள்ளத்துல இருக்காளா? உரிக்க வேண்டாம், முழுசாவே கொண்டா. நானே உரிச்சு எங்க அடுப்புல வச்சுக்கறேன். வேற வீட்டு உப்பு அவருக்கு ஒத்துக்காது."

வெர்லிக்கு அந்த வீட்டுக்கு ஒரு மண்ணாங்கட்டியும் கொடுக்க மனசில்லை. ஆனால் நோயாளிக்குச் சாறு மறுத்தவள் என்று பேர் எடுத்தால் சபையில் சாகிறவரை பின்வரிசைதான், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் பக்கத்தில்கூட யாரும் உட்கார மாட்டார்கள். வேண்டா வெறுப்பாகச் சரி என்றாள்.

மறுநாள் விடிவதற்குள் டென்சிலின் சின்னத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மேடேறினாள். கூடவே டிக், முழங்கால் உயரம்கூட இல்லாத வேட்டை நாய். உச்சிக்குப் போகுமுன்பே மேலே கொறிக்கிற சத்தம் கேட்டது. ஹிக்கரிக் காயின் தோலை அணில் உரித்துப்போட, துண்டுகள் இலைமேல் தூறலாக விழுந்துகொண்டிருந்தன. டிக் பாய்ந்துபோய் மரத்தடியில் நின்று குரைத்தது. அணில் நாயைப் பார்த்ததும் மரத்துக்கு அந்தப் பக்கமாக ஒளிந்தது. வெர்லி அசையவில்லை. டிக் மரத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போயிற்று, அணில் நாய்க்குப் பயந்து இந்தப் பக்கம் நகர்ந்து வந்தது. தலையைப் பார்த்து ஒரே குண்டு. உடம்பில் குண்டு பட்டால் சாறு கறுத்துப்போகும். கீழே விழுந்ததைக் காதைக் கிழித்துப் பார்த்தாள். காகிதமாய்க் கிழிந்தது, இளசு.

"உன் அண்ணனுக்குத்தான்டா இது" என்று புதைமேட்டைப் பார்த்துச் சொன்னாள். "தொண்டையில முள்ளா நிக்கட்டும்."

இன்னொன்றும் சுட்டாள். அதற்கும் ஹோபர்ட்டைத் திட்டினாள்.

ஹோபர்ட் வீட்டு வாசலில் அவனுடைய இரண்டு வேட்டை நாய்களும் அவிழ்த்துவிடப்பட்டிருந்தன. அணில் வாசனைக்கு அவள் தோள்வரை எம்பின. கதவு சாத்தியிருந்தது. ஓமாவைக் கூப்பிட்டாள், பதில் இல்லை. ஒரு நாய் அணில் வாலைக் கவ்வி இழுத்தது. வெர்லி அணில்களை உயரத் தூக்கினாள். கை தானாகப் போயிற்று. எத்தனை செப்டம்பர் புறாக்கொத்தோடு இதே படியில் ஏறியிருக்கிறாள்! கால் வைக்கிற இடமும் கை நீளுகிற உயரமும் உடம்புக்கே பழகிப்போயிருந்தன. இரண்டையும் ஆணியில் மாட்டிவிட்டு, நாயை உதைத்துத் தள்ளிவிட்டுப் படியிறங்கினாள்.

நாலடி நடந்தவள் நின்றாள். தாழ்வாரத்து நாற்காலியில் ஒரு கறுப்புத் தொப்பி இருந்தது. ஞாயிறு தவறாமல் அவள் சபையில் பார்க்கிற தொப்பி.

ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் ஹோபர்ட், தலையணையில் சாய்ந்துகொண்டு. பக்கத்தில் லவெல் கிழவரின் வெள்ளைத் தாடி. ஹோபர்ட் சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் உறைத்தது. அவிழ்த்துவிட்ட நாய், சாத்தின கதவு, உரிக்காமல் கொண்டா என்ற பேச்சு, நோயாளியைப் பார்க்க என்று கூப்பிட்டு உட்கார வைத்த கிழவர். உள்ளே ஹோபர்ட்டின் குரல் கணீரென்று கேட்டது. தண்ணீர் இறங்காதவன் குரல் அப்படி இருக்காது.

"மாமா, ஆணியில தொங்குறதப் பாத்தீங்கல்ல? தோல், வால், தலை எல்லாம் இருக்கு. யார் மாட்டினான்னும் பாத்தீங்க."

மேடு போயிற்று. அடுத்த வாரம் காம்புக்காரர்கள் ரம்பத்தோடு ஏறுவார்கள், அந்தப் பெரிய மரம் சாயும், டென்சில் வெயிலில் கிடப்பான். தன் கையையே வெட்டிப் போடலாம் போல இருந்தது. பிறகு விறுவிறுவென்று படியேறி அணில்களைக் கழற்றினாள்.

"மாட்டினதக் கழட்டக் கூடாது!" என்றான் ஹோபர்ட் உள்ளிருந்து.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாளித் தண்ணீரில் அணில்களை முக்கி ரோமத்தை நனைத்தாள். இல்லாவிட்டால் கறியெல்லாம் மயிர் ஒட்டும். கத்தியால் வாலுக்கு அடியில் எலும்பை மட்டும் அறுத்து முதுகுத்தோலை விட்டுவிட்டு, வாலைச் செருப்புக்காலால் மிதித்துக்கொண்டு பின்னங்கால்களைப் பிடித்து இழுத்தாள். சட்டை கழற்றுகிற மாதிரி தோல் கழுத்துவரை வந்தது. லவெல் கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"என்ன பண்றே நீ?"

"பங்கு மாட்டுறவ அதை உரிப்பாளா மாமா? சாறு வைக்கிறவதான் உரிப்பா. நாய்க்குப் பயந்து ஆணியில வச்சேன். காய்ச்சக்காரருக்குச் சாறு வேணும்னு வந்து கேட்டாங்க, அதுக்குத்தான் சுட்டேன்."

"பொய்" என்றான் ஹோபர்ட். "இவகிட்ட எங்க வீட்டுலேர்ந்து யாரும் எதுவும் கேக்கல. ஓமா அந்தப் பக்கமே போகல."

கிழவர் திரும்பினார். சமையலறை நிலைப்படியில் ஓமா நின்றுகொண்டிருந்தாள். போனாயா என்று கேட்டார். ஓமா புருஷனைப் பார்த்தாள், அப்புறம் கிழவரைப் பார்த்தாள். அவருக்கு முன்னால் பொய் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை அவர் கையால் திருவிருந்து அப்பம் வாங்க வேண்டும். அவள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியைக் கசக்கினாள்.

"போனேன்" என்றாள். "சாறுன்னுதான் கேட்டேன்."

ஹோபர்ட் பெண்டாட்டியைப் பார்த்த பார்வைக்கு அவள் எரிந்துபோகாமல் நின்றதே பெரிசு. வெர்லி யாரையும் கேட்காமல் சமையலறைக்குள் போனாள். கக்கத்துச் சுரப்பிகளை நோண்டி எறிந்தாள், கறியைத் துண்டு போட்டாள், கண்ணெடுத்த தலைகளையும் சேர்த்து இரும்புச் சட்டியில் போட்டு, வெங்காயமும் மிளகும் தட்டிப் போட்டாள். உப்பை ஓமாவின் ஜாடியிலிருந்தே எடுத்தாள். வேற வீட்டு உப்புத்தானே ஒத்துக்காது!

சாறு கொதித்து இறங்கியது. கிண்ணத்தோடு வெர்லி வந்தபோது ஹோபர்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எனக்கு வேண்டாம்."

கிழவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"எறங்கவே இல்ல, சாகப்போறேன் மாமான்னு ஆள் விட்டுக் கூப்பிட்டே. முழங்கால் வலியோட நடந்து வந்திருக்கேன். குடிக்கலேன்னா வேற எதுக்கோ என்னைக் கூப்பிட்டேன்னு ஆயிடும்."

ஹோபர்ட் கிண்ணத்துக்குக் கை நீட்டினான். வெர்லி கொடுக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கரண்டியில் மொண்டாள்.

"கை நடுங்கும் உனக்கு. நானே ஊட்டறேன். வாயத் தொற."

திறந்தான். வேறு வழியில்லை. ஒவ்வொரு கரண்டியாக அவனுக்கு ஊட்டினாள், ஊதி ஊதி, சிந்தாமல், அடிக்கரண்டிவரை. அவன் கண்ணில் இருந்த வெறுப்பு அவளுக்கு இனித்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

அப்புறம் தலைகளை எடுத்தாள். அணில் தலை அந்த ஊரில் வீட்டு எஜமானுக்கோ மண்ணுக்குடையவருக்கோதான் போகும். மற்றவர்கள் கேட்கவே மாட்டார்கள். ஹோபர்ட்டின் பார்வை தட்டைவிட்டு நகரவில்லை. வெர்லி ஒன்றை லவெல் கிழவரின் தட்டில் வைத்தாள். மற்றதைத் தன் தட்டில் வைத்துக் கரண்டியின் பின்புறத்தால் ஓங்கித் தட்டினாள். மண்டை பிளந்தது. அவன் வீட்டு மேஜையில், அவன் கண் முன்னாலேயே மூளையை உறிஞ்சித் தின்றாள். கிழவரும் தன்னுடையதை உடைத்தார். மேட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேடு அவளுடையது என்று ஒத்துக்கொள்ள, அவள் கையால் தலையை வாங்கித் தின்றதே போதுமானதாக இருந்தது.

நவம்பரில் இலையெல்லாம் கொட்டிய பிறகு மேட்டில் அந்த ஒற்றைக்குழல் மறுபடி இருமியது. வெர்லி உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வெளியே வரவில்லை. தாழ்வாரத்தில் கனத்த காலடி ஏறியதும், ஒரு காலை இழுத்து இழுத்து இறங்கிப் போனதும் கேட்டது. வந்து பார்த்தாள்.

ஆணியில் இரண்டு அணில் தொங்கிக்கொண்டிருந்தன. தலை இல்லை. கோடாலியால் கழுத்தோடு கொத்தி எடுத்திருந்தான். பள்ளத்தில் அதைவிடக் கேவலமாக ஒருவர் இன்னொருவருக்கு எதையும் கொடுக்க முடியாது. வெர்லி அவன் தாயையும் தகப்பனையும் சேர்த்துத் திட்டிவிட்டுத்தான் அவற்றைக் கழற்றினாள். பன்றிக்கொழுப்பில் பொரித்தாள். அடியில் ஒட்டியதில் மாவும் பாலும் ஊற்றிக் குழம்பு வைத்தாள். சட்டியைத் தாழ்வாரத்துக்கே கொண்டுவந்து, போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்று நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டாள். வால்கள் இரண்டையும் ஆணியிலேயே விட்டிருந்தாள்.

லவெல் கிழவர் அந்த வழியாக வந்தார். வாலைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார்.

"தலை எங்கே?"

"அது அவனுக்கே வேணுமாம், எடுத்துக்கிட்டான்."

கிழவர் தாடியை நீவினார்.

"எடுத்துக்கட்டும். ஆணிக்கு வந்துட்டான்ல" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வெர்லி எலும்பை டிக்குக்குப் போட்டாள். ஹோபர்ட்டை அவள் மன்னிக்கவில்லை, செத்தாலும் மன்னிக்கப் போவதில்லை. குழம்பில் மிச்சமிருந்ததை ரொட்டியால் வழித்துத் தின்றுவிட்டு, டென்சிலுக்குச் சொல்லிவிட்டு வர மேடேறினாள்.